தும்மாத வண்டி

“மதியம் வண்டியை நான் ஓட்டுறேன்.”

சொல்லிவிட்டேன். அப்பா ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்தவில்லை. டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த மாமா சிரித்தார். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாதி முகம் தெரிந்த நிலையில் அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் நான் எதையும் கேட்கலாம். கிடைக்குமா என்பது வேறு. படிக்கணும் என்றேன், சண்டை போட்டு வாங்கினேன். வேலைக்குப் போகணும் என்றேன், முணுமுணுத்துக்கொண்டே விட்டார்கள். அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்கக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். அண்ணன் உட்காரும் இடத்தை மட்டும் கேட்டுவிடாதே, மற்றதையெல்லாம் நான் பேசி வாங்கித் தருகிறேன் என்பாள். இன்று காலை வண்டியை ரேஸ் ட்ராக்குக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதும் என்னைத் தனியாக நிறுத்தி அதையே சொன்னாள். என் வாய் எப்படிப்பட்டது என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

“என்ன மருமகளே, காலையிலயே வெயில் தலைக்கு ஏறிடுச்சா?” என்றார் மாமா. அம்மாவின் தம்பி, டயர் கடைக்காரர். வண்டியின் நான்கு சக்கரமும் அவர் தயவு என்பதால் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசும் உரிமையை அவரே எடுத்துக்கொண்டார்.

இந்த வண்டி கடையில் வாங்கியது இல்லை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாங்களே கட்டியது. அப்பா வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் செய்கிறவர். இரும்புக் குழாய்களை வளைத்து, ஒட்டி, இதன் எலும்புக்கூட்டைச் செய்தது அவர். அண்ணன் மெக்கானிக். பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு குடும்பக் காரிலிருந்து எஞ்சினை எடுத்து, பிரித்துப் போட்டு, திரும்பக் கோத்து, அதில் டர்போவை மாட்டியவன் அவன். ஒயரிங்கும், எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்லும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எங்கள் பரம்பரையில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பொம்பளைப் பிள்ளைக்கு எஞ்சின் படிப்பு எதுக்கு என்று கேட்டவர்கள் அத்தனை பேரும், எஞ்சின் கிளம்ப மறுத்த அன்றைக்கு என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

பெட்ரோல் அளவைச் சரிபார்க்க இதே ட்ராக்கில் எத்தனையோ நாள் நான் ஓட்டியிருக்கிறேன். ரேஸ் லைசென்ஸும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் நான் ஓட்டினால் அதற்கு டெஸ்டிங் என்று பெயர். அவன் ஓட்டினால்தான் ஓட்டுவது.

டர்போ என்பது ஒரு சின்ன விசிறி. எஞ்சின் துப்பும் புகையின் வேகத்திலேயே சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். ஓட்டுகிறவன் சட்டென்று காலை எடுத்தால், திணித்த காற்றுக்குப் போக இடம் இருக்காது. அதற்காக ஒரு வால்வு வைப்பார்கள். காலை எடுத்ததும் அது ‘ப்ஷ்’ என்று திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். முதல் முதலாக அந்தச் சத்தம் கேட்ட அன்று, யாருக்கு ஜலதோஷம் என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். அன்றிலிருந்து அதற்குத் தும்மல் என்றே பெயர்.

இந்தத் தும்மல் ஒரு கோள்மூட்டி. ட்ராக் ஓரத்துச் சுவரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஓட்டுகிறவன் எந்த இடத்தில் காலை எடுத்தான் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

போன மாதம் நீள வளைவில் அண்ணனுக்கு வண்டி சுழன்று, டயர் தடுப்பில் போய் மோதியது. உடம்பில் கீறல் இல்லை. நெளிந்த குழாயை அப்பா வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டினார். அதற்குப் பிறகு தும்மல் முன்னாலேயே வர ஆரம்பித்தது. வளைவுக்கு எவ்வளவோ முன்னால், நேர்ப்பாதையிலேயே. நான் கேட்டேன். மற்றவர்களும் கேட்டிருப்பார்கள், காது எல்லாருக்கும் இருக்கிறதே. யாரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான்தான் அண்ணனிடம் சொன்னேன். நீ வந்து அந்த சீட்டில் உட்கார்ந்து பார், அப்புறம் பேசு என்றான். கோபத்தில் சொன்னதுதான். நான் அதை மறக்கவில்லை.

இன்றைக்குச் சாதாரண நாள் இல்லை. ஒரு ரேஸ் கம்பெனி தன் காரை ஓட்ட ஆள் தேடுகிறது. ஆள் பார்க்க வந்தவர் வெள்ளைத் தொப்பி போட்டவர். காலையில் சும்மா பார்ப்பார். மதிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். முப்பதைத் தாண்டிவிட்ட அண்ணனுக்கு இதைவிட்டால் வேறு கதவு இல்லை. எனக்கு மட்டும் வரிசையாகக் கதவு திறந்துவைத்தா காத்திருக்கிறார்கள்?

காலை ஓட்டத்தின்போது நான் சுவரில் இருந்தேன். வண்டி நேர்ப்பாதையில் வந்தது. வழக்கமாகத் தும்மும் இடம் வந்தது. தும்மல் வரவில்லை. அடி சக்கை, பயத்தை விழுங்கிவிட்டான் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கூடப் பிறந்தவன் இல்லையா?

அடுத்த சுற்றில் சத்தத்தை உன்னிப்பாகக் கேட்டேன். அதே இடத்தில் வேறொரு சத்தம் இருந்தது. பெட்டிக்குள் அடைத்த புறா இறக்கை அடிப்பதுபோல, படபடவென்று. அவன் காலை எடுத்திருக்கிறான். காற்று வெளியே போகவில்லை. வந்த வழியே திரும்பி விசிறியை அறைகிறது.

“பாத்தியா, இன்னிக்குத் தும்மவே இல்ல, சிங்கம்டா அவன்” என்று மாமா என் தோளில் தட்டினார். தொப்பிக்காரரும் தலையை ஆட்டினார். நான் சுவரிலிருந்து இறங்கி, எங்களுக்குக் கொடுத்திருந்த ஷெட்டுக்குள் போய்க் காத்திருந்தேன். வண்டி உள்ளே வந்து நின்றதும்தான், மதியம் நான் ஓட்டுகிறேன் என்று கேட்டேன்.

கேட்டதற்குப் பதில் அப்பாவிடமிருந்து வந்தது. “பாப்பா, இது அவன் நாள். கெடுக்காத.”

எதிர்த்துப் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால்தான் அவர்கள் பயந்திருக்கவேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பானட் பக்கம் போனேன். அண்ணன் குறுக்கே வந்து நின்றான். சூடாக இருக்கிறது, தொடாதே என்றான். எனக்கென்ன சூடு புதிதா என்றேன். எல்லாம் சரியாகத்தானே ஓடுகிறது, இப்போது எதற்குத் திறக்கவேண்டும் என்றான். சரியாக ஓடுகிற வண்டியைத் திறந்து பார்த்தால் என்ன குடியா முழுகிவிடும் என்றேன். அவன் நகரவில்லை. வெளியே தொப்பிக்காரர் யாரிடமோ பேசிக்கொண்டே எங்கள் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அண்ணன் வழிவிட்டான்.

வால்வைக் கழற்றினேன். அதற்கும் குழாய்க்கும் நடுவே வட்டமாக ஒரு தகடு. காற்று போகும் வாயை இறுக்கி மூடியிருந்தது. தகட்டை எடுத்து விளிம்பைத் தடவினேன். ஒரு பிசிறு இல்லை. குழந்தைகள் கை வைக்கும் இடம் என்று கேட்டின் ஓரத்தையெல்லாம் ராவி ராவி வழவழப்பாக்கும் ஒரு ஆள்தான் எங்கள் வீட்டில் உண்டு.

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரைப் பார்த்தார்.

“அவன் கேட்டான், வெட்டிக் குடுத்தேன். சத்தம் மட்டும்தான் நிக்கும்னு சொன்னான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையாப்பா?”

இரண்டு வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் இந்த வண்டியோடு கிடந்திருக்கிறேன். ஒயர் எரிந்தால் நான், ஸ்டார்ட் ஆகாவிட்டால் நான். அதன் மூச்சுக்குழாயை அடைப்பதற்கு மட்டும் நான் வேண்டாம். தும்மலை அடக்கினால் காதடைக்கும் என்று பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருவன் பயந்தது வெளியே கேட்கக்கூடாது என்பதற்காக எஞ்சினின் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள்.

டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயையும் இழுத்தேன். உள்ளே எண்ணெய் கசிந்திருந்தது. விசிறியின் நடு நட்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். அசையவே கூடாது. அசைந்தது. ஆடுகிற பல் மாதிரி, மெதுவாக, டக் என்று.

அண்ணனின் கையைப் பிடித்து அவன் விரலை அதே நட்டில் வைத்தேன். அவன் மெக்கானிக், அவனுக்கு நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ஒரு தரம் அசைத்துப் பார்த்தான். இன்னொரு தரம் அசைக்கவில்லை.

அப்பாவுக்கு நான் சொன்னேன். இந்த விசிறி சுற்றுகிற வேகத்துக்கு, அதைச் சுற்றியிருக்கும் கூட்டில் ஒரு உரசல் போதும், இறகு உடையும். உடைந்த துண்டை எஞ்சின் விழுங்கும். எண்ணெய் கீழே கொட்டி நம் பின்சக்கரத்துக்கே போகும். அழுத்தி ஓட்டுவது நேர்ப்பாதையில் என்றால், வழுக்குவது எங்கே என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் யோசித்தார். உட்கார்ந்துவிட்டார்.

“நாலு சுத்து தாங்காதா?” என்றார் மாமா. இந்தத் தடவை அவர் குரலில் கேலி இல்லை.

அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கினான். முதுகைக் காட்டியபடியே பேசினான்.

“எனக்கு அந்த வளைவு வரல. கால் கேக்க மாட்டேங்குது. அழுத்துன்னு நான் சொல்றேன், அது எடுத்துடுது.”

வெளியே பக்கத்து ஷெட் கார் ஒன்று உறுமி அடங்கியது. போய் அவன் தோளில் கை வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவன் திரும்பிவிட்டான். முகத்தில் வேறொரு கணக்கு வந்திருந்தது.

“நீயே ஓட்டு. எனக்குக் கை சுளுக்குன்னு சொல்லிக்கறேன். தகட்டை எடுத்துடலாம். டர்போ பிரஷரைக் கொறச்சு வை, எவ்வளவு தாங்கும்னு உனக்குத் தெரியாததா? அந்த ஆளு உன்னைப் பாக்கட்டும். இந்தக் கால் சமாசாரமும் தகடு சமாசாரமும் மட்டும் நமக்குள்ளயே இருக்கட்டும்.”

அப்பா தலையை நிமிர்த்தினார். “அப்புறம் என்ன பாப்பா? கேட்டது கெடைச்சிருச்சுல்ல?”

கிடைத்துவிட்டது. கேட்கக்கூடாததைக் கேட்டு, அது தானாக மடியில் வந்து விழுந்துவிட்டது. என் புத்தி அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. பிரஷரைப் பாதியாக்கினால் விசிறியின் வேகம் குறையும். நேர்ப்பாதையில் இழந்ததை வளைவில் பிடித்துவிடுவேன், அந்த வளைவு எனக்கு வரும், பலமுறை வந்திருக்கிறது. ஓரிரண்டு சுற்று தாங்கிவிட்டால்கூடத் தொப்பிக்காரருக்குப் போதும். சீட்டைப் பார்த்தேன். உட்கார்ந்தால் பெடலுக்குக் கால் எட்ட முதுகுக்குப் பின்னால் என்ன வைக்கவேண்டும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

நான் வேலை பார்ப்பது பம்பு கம்பெனியில், சோதனைப் பிரிவு. ‘எப்படியும் தாங்கிடும் மேடம்’ என்று யாராவது கொண்டுவந்தால் அந்தப் பம்பை அப்படியே திருப்பி அனுப்புகிறவள். மதிய ஓட்டத்தில் இன்னும் எத்தனையோ வண்டிகள் இருக்கும். எனக்குப் பின்னால் வருகிறவன் என் எண்ணெயில் வழுக்குவான். அவனுக்கும் வீட்டில் யாராவது அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார்கள். இதெல்லாம் யோசித்துத்தான் முடிவெடுத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. நட்டு விரலுக்குள் ஆடியபோதே முடிந்துபோன விஷயம். அதற்குப் பிறகு போட்ட கணக்கெல்லாம் ஆசை.

தலைக்கு மேல் வரும் பாதுகாப்புக் கம்பியில், பரிசோதகர் காலையில் ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் இருந்தது. அது இல்லாமல் எந்த வண்டியையும் ட்ராக்குக்குள் விடமாட்டார்கள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். பாதிதான் வந்தது. மீதியைச் சுரண்டினேன்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். “பைத்தியமாடி உனக்கு? ஓட்டுன்னு சொல்லிட்டேன்ல. இதுல உனக்கு என்ன லாபம்?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் ஏன்டி?”

“கையை விடு.”

விடவில்லை. வலித்தது. நான் இழுக்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவனாகவே விட்டான்.

“வெளிய போய் என்ன சொல்லப்போற?” என்றார் அப்பா. மானம் போய்விடும் என்கிற பயம் அவருக்கு. வண்டி போவதைவிட அது பெரிய பயம்.

“டர்போ போச்சுன்னு சொல்லுவேன். ஏன் போச்சுன்னு கேட்டா, வால்வை அடைச்சு ஓட்டுனோம்னு சொல்லுவேன். அவன் கால் விஷயம் என் வாயிலேர்ந்து வராது. அது அவன் சொல்லவேண்டியது, சொல்றதும் சொல்லாததும் அவன் பாடு.”

“நம்மளைத் திரும்ப உள்ள விடுவாங்களா மருமகளே?” என்றார் மாமா.

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. ஒருவேளை இந்த வருஷம் முழுக்க விடமாட்டார்கள். தொப்பிக்காரர் எங்கள் பக்கம் இனித் திரும்பியே பார்க்காமல் போகலாம். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவான், அது நிச்சயம். கிழிந்த ஸ்டிக்கர் ஒரு கையில், தகடு ஒரு கையில். ஷட்டரை முழங்கையால் தூக்கிவிட்டு வெளியே வந்தேன்.

வெயில் கண்ணைக் கூச வைத்தது. தொப்பிக்காரர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உங்கள் வண்டி எப்போது வரும் என்று கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார்.

“வராது சார்” என்றேன். பரிசோதகர் அறை அந்தக் கோடியில் இருந்தது. நிற்காமல் நடந்தேன்.