செவந்தியின் பின்னல்

குளிப்பாட்ட பெஞ்சில் கிடத்தி, சுற்றியிருந்த துணியைப் பிரித்தபோதுதான் இளமதி தன் அம்மா செவந்தியின் பின்னலைப் பார்த்தாள். படுத்தால் உறுத்தாதபடி ஒரு பக்கமாகத் தளரப் பின்னி, நுனியைக் காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியால் முடிந்திருந்தது.

முந்தின சாயங்காலம் இளமதியை ஐ.சி.யு.வுக்குள் விட்டபோது செவந்தியின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. முகத்தில் மாஸ்க். கையைத் தூக்கித் தலையைத் தொட்டுக் காட்டினாள். விரித்த தலையோடு வாசலுக்குக்கூட வராதவள். இளமதி சிக்கெடுக்க விரலை விட்டதுமே நேரமாகிவிட்டதென்று வெளியே அனுப்பிவிட்டார்கள். விடியும்போது கூப்பிட்டு, முடிந்துவிட்டது என்றார்கள். ஆம்புலன்ஸில் கறம்பக்குடி வரும்வரை இளமதிக்கு ஒரே நினைப்புதான்: பக்கத்தில் ஒரு ஆளில்லாமல், தலைவிரி கோலமாகப் போய்விட்டாளே.

"அவுத்து விடுத்தா, எண்ணெ வைக்கணும்ல" என்றாள் ராஜலட்சுமி அத்தை.

இளமதியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். சிகிச்சை திருப்திதானா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் சொல்ல வேண்டுமாம். உயிரோடு போனாலும் பிணமாகப் போனாலும் வீட்டுக்குப் போனவர்தான் அவர்கள் கணக்கில். செத்துப்போனதைச் சொன்னதும் அந்தப் பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, வைக்கப் பார்த்தாள்.

"வைக்காதீங்க. கேளுங்க."

நோயாளியைப் பார்க்க விட்ட நேரத்துக்கு எவ்வளவு என்றதற்கு ஒன்று என்றாள் இளமதி, வெடுக்கென்று. சிஸ்டர்களின் கவனிப்புக்கு எவ்வளவு என்றபோது கண் பின்னலுக்குப் போனது.

"எங்கம்மாவுக்கு யாருங்க தலை பின்னிவிட்டது?"

அது தனக்குத் தெரியாது என்றாள் அந்தப் பெண். பிறகு லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, டியூட்டி முடிந்து ரூமுக்குப் போயிருந்த சிஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தாள். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"ஷர்லி சிஸ்டருங்க. அம்மா தலையத் தலையத் தொட்டுக் காட்டுனாங்களாம். பின்னி முடிச்சதும் தடவிப் பாத்துட்டு, சிஸ்டர் கையப் புடிச்சுக்கிட்டாங்களாம். கடைசி வரைக்கும் சிஸ்டர் கைய எடுக்கலையாம்."

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. மார்க்கைப் பற்றி அந்தப் பெண் மறுபடி கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அத்தையும் பின்னலை அவிழ்க்கச் சொல்லவில்லை. புறங்கையால் உச்சியில் மட்டும் எண்ணெய் தொட்டு வைத்தாள். இளமதி பின்னலை நனையாமல் கையில் ஏந்திக்கொள்ள, தோளிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள்.