முதுகு காட்டிய வாத்தியார்

கற்பித்தல் என்பது ஓர் ஆன்மாவை இன்னோர் ஆன்மா தொட்டு எழுப்பும் புனிதச் செயல். இதைச் சொன்னபோது கலெக்டர் ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கலெக்டர் இல்லை. அந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருந்ததால் வீட்டில் வைத்த பெயர். சும்மா இருந்தவரை அவருடைய அக்கா தன் மழலையர் பள்ளிக்கு இழுத்து வந்திருந்தாள். பெரிய குழந்தைகளின் டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை தம்பி வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; அதாவது, யாரும் யாரையும் கடித்துவிடாமல்.

முதல் நாள் நாட்டின் எதிர்காலம் பற்றிப் பேசினார். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றது எதிர்காலம், மொத்தமாக எழுந்து நின்று.

போய் வந்தபோது எல்லார் ஷூ லேஸும் அவிழ்ந்து கிடந்தது. கட்டிவிட்டார். மறுபடி அவிழ்ந்தது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன பிறகுதான் இதையே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அட்டையில் பெரிய ஷூ வெட்டி, துணி காயப்போடும் கயிற்றை லேஸாகக் கோத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு குழந்தைகள் எதிரே நின்று கட்டிக் காட்டினார்.

எல்லாரும் தங்கள் விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். வாயாடி என்று பெயரெடுத்த ஒருத்தி மட்டும் வளையம் போட்டு, சுற்றி, உள்ளே நுழைத்து இழுத்தாள். முடிச்சு நின்றது. அவள் வாய் முதல் முறையாக மூடியிருந்தது. தன் காலை யாரோ இப்போதுதான் கொண்டுவந்து கொடுத்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலெக்டருக்கு என்னவோ ஆகிவிட்டது. அன்று பரீட்சைப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. அக்காவிடம் போய், இந்த வேலையை எனக்கே கொடு என்றார். அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். கிதார் வாங்கியபோதும் காடை வளர்த்தபோதும் அவர் முகம் இப்படித்தான் இருந்தது.

"வெள்ளிக்கிழமை பெத்தவங்க வர்றாங்க. அத்தனை பிள்ளைங்களும் அவங்க முன்னாடி லேஸ் கட்டணும். இல்லேன்னா திங்கக்கிழமை வேற டீச்சர் வந்துடுவாங்க. தம்பின்னெல்லாம் பாக்க மாட்டேன்டா."

வாயாடிக்கு மட்டும் ஏன் வந்தது? மறுநாள் அவள் படம் வரையும்போது விளங்கியது. கிரேயான் இடது கையில் இருந்தது. எதிரே நின்று அவர் வலது கையால் செய்தது, கண்ணாடியில் பார்ப்பதுபோல, அவள் ஒருத்திக்குத்தான் சரியாக அமைந்திருந்தது. மற்றவர்களுக்கு எல்லாமே கை மாறித் தெரிந்திருக்கிறது.

அட்டை ஷூவைச் சுவரில் உயரமாக மாட்டினார். குழந்தைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டிக் காட்டினார். பார்ப்பதற்குப் போலீஸில் சரணடைந்தவர்போல் இருந்தார். வாயாடியை மேற்பார்வைக்கு வைத்தார்.

அக்காவின் கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, பிள்ளைங்களோட பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சா?"

"இல்ல அத்தான். இப்பத்தான் ஒரே பக்கம் பாக்குறோம்," என்றார் கலெக்டர், திரும்பாமல்.

அம்மா போன் செய்து, பரீட்சைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள் என்றாள். அவர், வீட்டில் இன்னும் கயிறு இருக்கிறதா என்று கேட்டார். குழந்தைகள் அழுதார்கள், லேஸை வாயில் போட்டு மென்றார்கள், கீழே படுத்து உருண்டார்கள். அவர் மூக்கைத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை என்றார். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை என்றார்.

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் அவரவர் ஷூவை மாட்டிக்கொண்டு தயாரானார்கள். கலெக்டர் எழுதி வைத்திருந்த உரையைப் பையிலேயே விட்டுவிட்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கைகளைத் தூக்கினார்.

வளையம் போட்டு, சுற்றி, உள்ளே நுழைத்து இழுத்தார். பிறகு யாரோ ஓர் அப்பா கை தட்டினார். திரும்பிப் பார்த்தபோது ஒரு லேஸ்கூடத் தரையில் இல்லை.

"திங்கக்கிழமை நேரத்தோட வந்துடு," என்றாள் அக்கா.

முடிச்சு எல்லாம் சரியாக இருந்தது. ஷூதான் பாதிப் பேருக்குக் கால் மாறியிருந்தது.