ஈரத்துணி பட்ட டீவி

சோலைமலை அந்தத் தட்டை டீவியைக் கினிகத்தேனை டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினான். கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான். ஓடாத டீவி என்று தெரிந்தேதான் வாங்கினான்.

"ஜீவராஜு இருக்கான்ல, பாத்துக்குவான்" என்றான் பெண்சாதி பேச்சியம்மாவிடம்.

ஜீவராஜ், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கீழ் லயத்துக்காரன். தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை. சோலைமலையை அண்ணே அண்ணே என்று சுற்றி வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, டீவியைப் பாயில் கவிழ்த்துப்போட்டுக் கழற்றினான். உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டுப் புதுசு வைத்து ஈயம் பற்றவைத்தான். பின்னேரம் படம் வந்ததும் சோலைமலை அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் பேச்சியம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து சாப்பிட வந்தாள். வீட்டில் யாருமில்லை. அடுப்புப் புகை படிந்து டீவிக் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. சாமிப் படத்தைத் துடைப்பதுபோலச் சவக்கார நுரைத் தண்ணீரில் துணியை நனைத்து, அழுத்தித் துடைத்தாள். தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கியது. அவசரமாக முந்தானையால் ஒற்றியெடுத்தாள்.

அந்தியில் சோலைமலை டீவியைப் போட்டபோது பாதித் திரை இருண்டு கிடந்தது. மீதிப் பாதியில் கோடு கோடாக ஓடியது.

"என்னா புள்ள இது? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"எனக்கு என்னா தெரியும்?" என்றாள் பேச்சியம்மா. யோசிக்கும் முன்பே வார்த்தை வாயைவிட்டுப் போய்விட்டது.

ஜீவராஜைக் கூப்பிட்டார்கள். கழற்றி, அடிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு திரும்ப மூடினான்.

"இது என்னால ஆகாதுண்ணே."

"ஆகாதா? நல்ல சாமானக் கழட்டிக்கிட்டுப் பழச வச்சுட்டியா?"

ஜீவராஜின் முகம் சுருங்கியது. ஆணி கழற்றும் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேச்சியம்மா நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

சோலைமலை அதோடு விடவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன இடத்திலும் அதையே சொன்னான். கொழுந்து எடுக்கும்போது பெண்கள், "அவன்கிட்ட ரேடியோவக்கூடக் குடுக்கக்கூடாது" என்று பேசிக்கொண்டார்கள். பேச்சியம்மா காதிலும் அது விழுந்தது. முற்றல் இலையைப் பறித்துக் கூடையில் போட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையிலும் நினைப்பாள். பொழுது சாய்ந்துவிடும்.

ஒருநாள் தண்ணீர் கொட்டும் பீலியில் ஜீவராஜ் தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்தான். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போனாள்.

"தம்பி, அந்த டீவிய நாந்தான்..."

"தெரியும் மதினி. அடியில சவக்காரத் தண்ணி காஞ்சு வெள்ளையா நின்னுச்சு."

"தெரிஞ்சுமா அந்தப் பேச்சு கேட்ட? ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவன் குரலில் கோபமில்லை. அதுதான் அவளைக் கொன்றது. குடத்தைக்கூட நிரப்பாமல் வீட்டுக்கு வந்தாள். புருஷன் முன்னால் நின்று, துணி நனைத்தது முதல் பொய் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னாள். அடிப்பான் என்று நினைத்தாள். சோலைமலை எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கிப் போனான்.

திரும்பி வந்தவனிடம், "என்னாங்க சொன்னான்?" என்று கேட்டாள்.

"பரவால்லண்ணேன்னான். உள்ள வாங்கன்னு கூப்பிடல."

அடுத்த நாளே சோலைமலை நாலு பேர் முன்னால் தன் வாயாலேயே, டீவி கெட்டது பேச்சியம்மாவின் ஈரத்துணியால்தான் என்று திருத்திச் சொன்னான். சிலர் தலையாட்டினார்கள். சிலர், "ஜீவராஜக் காப்பாத்தப் பொண்டாட்டி மேல போடுறான்" என்று சிரித்தார்கள். ஜீவராஜ் வழியில் பார்த்தால் இப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் அவர்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பேச்சியம்மா தூரத்தில் அவனைக் கண்டாலே பாதையை விட்டு இறங்கித் தேயிலைக்குள் நடக்கிறாள்.