மறுபக்கத்து போல்ட்

ஹேய்க்கா தன் பிளாஸ்கைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். கொட்டகையின் எண்ணெய் அடுப்பின்மேல் ராவ்னாவின் காபிக் கெண்டி முனகிக்கொண்டிருந்தது. அதன் வாசனை கதவைத் தாண்டி முற்றத்துப் பனிவரை போயிருக்கும். அவன் அதைப் பார்த்தான். பிறகு கதவோரம் கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பெட்டியின்மேல் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியைத் திருகி, தன் காபியைத் தானே ஊற்றிக்கொண்டான். கொழுந்தன் அண்ணியின் முகத்தில் அறைவதற்கு அந்த மலைப்பக்கத்தில் இதைவிட மரியாதையான வழி கிடையாது. பதினெட்டு வருடங்களில் இந்த வீட்டில் அவன் குடித்த காபியைக் கொட்டினால் ஒரு குட்டை நிறையும்.

ராவ்னா நிமிரவில்லை. ரப்பர்ப் பட்டையில் ஓடும் பனிவண்டியை அட்டைப் பலகைகள்மேல் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டிருந்தாள். மூன்று நாள் வேலை. நூல் பிரிந்து, பற்கள் வரிசையாகப் பிய்ந்துபோயிருந்த பழைய பட்டை வெளியே பனியில் செத்த பாம்பாகக் கிடந்தது. அச்சைக் கழற்றி, சங்கிலிப் பெட்டியைத் திறந்து, புதிய ரப்பர் பட்டையை உள்ளே நுழைத்து, எல்லாவற்றையும் மூடியாயிற்று. மிச்சமிருந்தது பின் சஸ்பென்ஷன் மட்டும்: இரண்டு நீளத் தண்டவாளங்கள், சின்னச் சக்கரங்கள், இரண்டு ஷாக் அப்சர்பர்கள், வில்கள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரு இரும்பு எலும்புக்கூடு. அதைக் கட்டுநாடாவால் இறுக்கிக் குறுக்கி, பட்டையின் வாய்க்குள் பாதிவரை தள்ளியிருந்தாள். முழங்கையில் தோல் உரிந்து, ரத்தம் எண்ணெயோடு கலந்து கறுத்திருந்தது.

"தனியாவா?" என்றான் ஹேய்க்கா.

"பாத்தா தெரியல?"

"வீடியோ பாத்தா?"

"உன்னக் கேட்டு வேல செஞ்சா ஆளு செத்துப்போறான். அதான் வீடியோ."

அவன் வாய்வரை கொண்டுபோன மூடியை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தான். குடிக்கவுமில்லை, இறக்கவுமில்லை.

டிசம்பரில், ஏரிக்கு அக்கரை வேலியில் துருவ மான்களைப் பிரித்து அடைக்கும் வேலை நடந்தபோது, ராவ்னாவின் கணவன் நீல்லஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருக்கிறான். வீட்டுக்குப் போகிறேன் என்றிருக்கிறான். இந்த ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டுப் போ, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று சொன்னவன் ஹேய்க்கா. நீல்லஸ் அடைத்து முடித்துவிட்டே கிளம்பினான். பாதி ஏரியில் இந்த வண்டி இஞ்சின் ஓடியபடி நின்றிருக்க, அவன் கைப்பிடியின்மேல் கவிழ்ந்திருந்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் காபி மேசையில் உட்கார்ந்திருந்தபோது, நாற்பது பேர் முன்னால், ராவ்னா எழுந்து நின்று, "எம் புருசனக் கொன்னவன் இதோ கேக்கு தின்னுட்டு இருக்கான்" என்றாள். அதன்பின் அவன் அவளை அண்ணி என்று கூப்பிட்டதில்லை. பேசியதே இல்லை.

"நாளைக்குக் காலைல நாலு மணிக்கு வேலியத் திறந்து மந்தையக் கடற்கரைக்கு ஓட்டுறோம்," என்றான் இப்போது.

"தெரியும்."

"கூட்டத்துல பேசி முடிவு பண்ணியாச்சு. ஓடுற வண்டியோட வந்து நிக்காதவங்க மான நான் ஓட்டிட்டுப் போறேன். கடற்கரை போய்ச் சேந்த பெறகும் எம் பொறுப்புதான். எத வெட்டுறது, எத விடுறது, எல்லாம் எஞ்சொல்லு."

"நிக்காதவங்கன்னா எத்தன பேரு?"

அவன் இப்போதுதான் குடித்தான். "ஒருத்தர்தான்."

அவள் மான்கள் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. நீல்லஸின் சொத்தென்று காதில் அடையாள வெட்டு உள்ளவை நூற்றி எழுபது, அவளுடையது இருபதோ என்னவோ. நாளை காலை அவள் அங்கே இல்லையென்றால் அவை அவனுடைய மந்தையோடு கலந்து போகும். அடுத்த வருடம் அவளிடம் கேட்பார்கள். அதற்கடுத்த வருடம் கேட்கமாட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, யாராவது இறைச்சி கொண்டுவந்து தந்தால் வாங்கிக்கொள்ளும் கிழவியாக நாற்பத்தாறு வயதிலேயே ஆகிவிடலாம்.

அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். எலும்புக்கூடு உள்ளே போய்த் துளைக்குநேர் நின்றது. மேல்பக்கத்து போல்ட்டுகளை விரலாலேயே கொஞ்சம் திருகிவிட்டு, உத்தரத்துக் கப்பியில் கயிற்றைப் போட்டு இழுத்து, வண்டியை நிமிர்த்தினாள். கயிறு நழுவி, வண்டி ஒருமுறை பொத்தென்று விழப் பார்த்தது. ஹேய்க்கா கால்களை மட்டும் உள்ளிழுத்துக்கொண்டான். பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டி, மறுபக்கத்து போல்ட்டுகளையும் மாட்டினாள். பிறகு முன் போல்ட்டை இறுக்கினாள். ஸ்பானர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

இது அவளுக்குத் தெரிந்ததுதான். இரண்டு பக்கத்து போல்ட்டும் ஒரே குறுக்குத் தண்டின் இரண்டு முனைகளில் ஏறுகின்றன. ஒன்றைத் திருகினால் தண்டும் கூடவே திரும்பும். மறுபக்கத்தில் ஒருவர் ஸ்பானரைப் போட்டு அசையாமல் பிடிக்க வேண்டும். இத்தனை வருடம் நீல்லஸ் திருக, மறுபக்கம் பிடித்தவள் அவள். ஒரு ஸ்பானரைக் கல்வைத்து முட்டுக்கொடுத்துப் பார்த்தாள், வழுக்கியது. மரக்கட்டை வைத்தாள், கட்டை பிளந்தது. ஹேய்க்கா எல்லாவற்றையும் சந்தையில் வித்தை பார்ப்பவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

அவள் கேட்கவில்லை. அவனாகவே எழுந்தான். மறுபக்கம் போய்க் குனிந்தான். இடையில் வண்டி, முகம் தெரியவில்லை. ஸ்பானர் இரும்பில் உட்காரும் கிளிக் சத்தம் மட்டும் கேட்டது.

"இறுக்கு," என்றது குரல்.

அது நீல்லஸின் குரல். அதே இழுப்பு, கடைசியில் அதே அவசரம். அண்ணன் தம்பி குரல் ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்த வாயிலிருந்து அது வர உரிமையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இறுக்கினாள். தண்டின் மறுமுனையில் அவன் பலம் அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது, அசையவில்லை, விட்டுக்கொடுக்கவில்லை. முன் போல்ட், பின் போல்ட். இரண்டையும் அவன் கடைசிவரை பிடித்தான். கடைசித் திருகல் முடிந்தபோது, கெண்டியில் காபி இன்னும் சூடாக இருக்கிறது என்று சொல்ல அவள் வாய் கிட்டத்தட்டத் திறந்தது.

கட்டுநாடாவை அவிழ்த்தாள். சஸ்பென்ஷன் மூச்சு விட்டதுபோல விரிந்து பட்டையை நிறைத்தது. பின்பக்கம் அந்தரத்தில் தொங்க, இஞ்சினைக் கிளப்பினாள். பட்டை மெதுவாகச் சுற்றியது. ஒரு பக்கமாக ஒதுங்கிய பட்டையை, திருகாணியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தாள். இஞ்சினை அணைத்தாள்.

"இப்ப பல்லப் பாருங்க, அண்ணி."

நான்கு மாதங்களுக்குப் பிறகு வந்த அந்த 'அண்ணி'யில் இருந்த தேனைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். தரையில் படும்போது வண்டி போகும் திசையைக் காட்ட வேண்டிய பற்களின் அம்புமுனைகள் அத்தனையும் தலைகீழாகத் திரும்பியிருந்தன. பட்டையைத் திருப்பி மாட்டியிருக்கிறாள். மாட்டும்போது அம்புமுனை தன் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். எத்தனையோ முறை பார்த்தது. ஆனால் பார்த்ததெல்லாம் வண்டியின் அந்தப் பக்கத்தில், பிடிக்கிறவளின் இடத்தில் நின்று. இந்தமுறை அவள் நின்றது நீல்லஸின் இடத்தில். அங்கே வலது இடதாகிவிடும் என்பது மூன்று நாளில் ஒரு நொடிகூட உறைக்கவில்லை.

"எப்பப் பாத்த?"

"உள்ள வந்தப்பவே."

"பாத்துட்டுதான் வந்து பிடிச்சியா?"

"நல்லா இறுக்கணும்ல." அவன் ஸ்பானரைப் பெட்டியில் வைக்காமல் தரையில் போட்டான். "அன்னிக்கு நாப்பது பேரு முன்னாடி நீங்க பேசினீங்க. நான் வாயத் தொறக்கல. இன்னிக்கும் தொறக்கல. அவ்வளவுதான்."

"கழட்டி மாட்ட..."

"நாளைக்கு மத்தியானம் ஆயிடும். அதுக்குள்ள நாங்க ஆத்தத் தாண்டிருப்போம்."

அவன் பிளாஸ்கை எடுத்தான். ராவ்னா பட்டையின்மேல் கை வைத்தாள். புது ரப்பர், இன்னும் வழவழப்பாக இருந்தது. கண்ணீர் வரும்போல இருந்தது. அவன் போகும்வரை வரவிடக் கூடாது. தரையையே பார்த்தாள். அவன் காலணியில் ஒட்டியிருந்த பனி உருகாமல் கட்டியாகவே கிடந்தது. வெளியே வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது, உறைபனி இறங்கப்போகிறது.

"நாலு மணிக்குப் பனி எப்படிடா இருக்கும்?" என்றாள்.

அவன் பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினான்.

"கல்லாட்டம் இருக்கும். கல்லு மேல பல்லு முன்ன பாத்தா என்ன, பின்ன பாத்தா என்ன?"

"வெயிலேறினா எளகும்."

"எளகினா நீயும்தான் கூடாரம் போட்டுத் தூங்குவ. மானும் படுத்துக்கும். நானும் தூங்குறேன்."

"மூணாம் நாளு கணவாய் ஏத்தம் இருக்கு. அங்க எப்பவும் புதுப்பனி, இடுப்பளவு. இந்தப் பட்ட சும்மா தோண்டிக்கிட்டே நிக்கும். எங்கிட்ட வந்து கயிறு கேக்கக் கூடாது."

"ஒங்கிட்டயா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. "கதவச் சாத்திட்டுப் போ. சூடு போவுது."

அவன் திறந்தே போட்டுவிட்டுப் போனான்.

காலையில் ஏரிமீது, கல்லாக இறுகிய பழைய பனிக்குமேல் மாவு சலித்ததுபோல விரல் கனத்துக்கு இரவின் உறைபனி படிந்திருந்தது. வண்டி ஓடியது. கொஞ்சம் வழுக்கியது, திரும்பும்போது பின்பக்கம் அலைந்தது; ஆனால் ஓடியது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பாக அவள் வேலியடியில் நின்றிருந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். வேலிக்குள் மான்கள் குளம்புகளைச் சொடுக்கியபடி சுற்றிச்சுற்றி வந்தன.

ஹேய்க்கா கடைசியாக வந்தான். கரையேறியதும் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கினான். ஏரியின் குறுக்கே ராவ்னாவின் தடம் ஒற்றையாக, நேராகக் கிடந்தது. அந்த வடக்கில் ஏப்ரலில் நாலு மணிக்கே எழும் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பல்லின் பதிவும் தனித்தனியே தெரிந்தது. அம்புமுனைகள் எல்லாம் வீட்டைப் பார்த்திருந்தன. வேலியடியிலிருந்து யாரோ ஒருவர் தனியாகப் புறப்பட்டு, நடு ஏரியில் நிற்காமல், வீட்டுக் கரைவரைக்கும் போய்ச் சேர்ந்ததுபோல.

வேலியைத் திறக்கச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். அவன் தடத்தின் ஓரத்தில், அதை மிதிக்காமல், நின்றுகொண்டே இருந்தான்.