ஒடிலின் மணிக்கட்டு

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. பிரான்சின் க்ரனோபிளில் பதினெட்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டர்களில் குறிப்பெழுதிப் பிழைக்கிறேன். மூளையின் அடியாழத்துக்கு மெல்லிய கம்பியை இறக்கி, ஒரு நரம்புச் செல் பேசுவதை ஒலிபெருக்கியில் கேட்டால், தகரக் கூரையில் மழை பெய்வது (வேண்டாம், எல்லாரும் எழுதுவது) எண்ணெயில் கடுகு வெடிப்பது போலிருக்கும்.

2

முதல் தொடக்கம்: “மண்டையில் துளை போட்டபோது ஒடில் ஷார்வே விழித்திருந்தாள்.” அடித்துவிட்டேன். பயமுறுத்துவது சுலபம்.

இரண்டாவது: ஒடிலுக்கு அறுபத்திரண்டு வயது. பார்க்கின்சன் நடுக்கம் வந்து ஒன்பது வருடம். வால்நட்டைத் தன் கையாலேயே உடைத்துத் தின்ன வேண்டும், கணவன் ஊட்டக் கூடாது; அதற்காகத்தான் இந்த மேஜையில் படுத்திருக்கிறாள். முப்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்து, “எனக்கு உதவாதீங்க, கையைத் தளர விடுங்க” என்று நோயாளிகளை அதட்டியவள். இன்று டாக்டர் ப்ரொசா அதையே அவளிடம் சொன்னார்.

“மேடம், கையை என்கிட்ட விட்டுடுங்க.”

“எனக்கேவா? இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டினவ நான்.”

அவர் அவள் மணிக்கட்டை மூன்று தடவை மடக்கினார். ஒவ்வொரு தடவையும் ஒலிபெருக்கியில் கடுகு படபடத்தது. விட்டார், அடங்கியது.

[பிறர் அசைப்பதை உணர்ந்து செல் வெடித்தால் கம்பி சரியான இடத்தில் இருக்கிறது; மின்சாரத்தால் நடுக்கத்தை அடக்கும் நிரந்தரக் கம்பியை அங்கேயே வைக்கலாம். நோயாளியே அசைத்தால் பக்கத்து இடங்களிலும் வெடிக்கும். அதை நம்ப முடியாது.]

“இங்கேதான். நிரந்தரக் கம்பியை இறக்கிடலாம்,” என்றார் ப்ரொசா.

3

இங்கே எனக்கு ஒடில்மீது சந்தேகம். அவளுக்கும்தான். ப்ரொசா மடக்குவதற்கு ஒரு நொடி முன்பே தன் கை தானாக மடங்கியதை மூன்றாவது தடவைதான் கவனித்தாள். எத்தனை பேரைத் திட்டியிருப்பாள் இதே தப்புக்கு.

சொன்னால் கம்பியை வேறு பாதையில் மறுபடி இறக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் மூளையில் ரத்தம் கசியலாம் என்று காலையில்தான் கையெழுத்து வாங்கினார்கள். சொல்லாவிட்டால், தவறான இடத்தில் கம்பியோடு நடுக்கமும் அப்படியே மிஞ்சலாம்.

4

முடிவு ஒன்று: சொல்லவில்லை, கம்பி தற்செயலாகச் சரியான இடத்தில் இருக்கிறது. நானே நம்பவில்லை.

முடிவு இரண்டு: சொல்கிறாள். மறுபடி இறக்குகிறார்கள். ஸ்கேன் திரையில் ரத்தம் ஒரு வெள்ளைத் திட்டாக மெல்லப் பர—

இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.*

“தளர்வாத்தானே வச்சிருந்தீங்க, மேடம்?” என்று கேட்டார் ப்ரொசா.

ஒடில் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

* டாக்டர் மடக்கும் முன்னாடியே அவள் மணிக்கட்டில் தசைநாண் புடைத்ததை நான் பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. என் குறிப்புத் தாளில் ‘கை தளர்வாக இருந்ததா?’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது. இப்போது நீங்களும் பார்த்துவிட்டீர்கள். டாக்டர் காத்திருக்கிறார், சொல்லுங்கள்.