சந்தனம் வைத்த டிஸ்க்

“கைய எடுங்க மாமா! அந்த பட்டனை அமுக்கினீங்கன்னா இன்னிக்கே நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்!”

“போ லா! யாரு தடுத்தா?”

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் இராமசாமியின் கல்யாண வீடியோ கடையில் கிளம்பிய இந்தச் சத்தத்தில், எதிர்ச் சாரி பரோட்டாக்காரர் மாவு வீசுவதையே நிறுத்திவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கத்தியவள் மூத்த மருமகள் சிவானி. வீடியோ வெட்டி ஒட்டுவதெல்லாம் அவள். பலகையில் பெயர் மட்டும் மாமனாருடையது. வாடிக்கையாளர் கமலத்தின் மூத்த மகள் கல்யாணம் முழுவதும் ஒரே ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. கேமரா கார்டுகளை அவள் கணவன் அகிலன் அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்துத் தொலைத்திருந்தான். இப்போது பார்த்தால், தாலி கட்டும் இடத்தில் படம் உறைந்து நிற்கிறது. டிஸ்க் ‘டிக் டிக்’ என்று முனகுகிறது. ‘டிஸ்கைச் சரிசெய்யவா?’ என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்கிறது. இராமசாமிக்கு அது போதாதா?

“கம்ப்யூட்டரே சரி பண்றேங்குது. உனக்கென்ன திமிரு?”

“அது சரி பண்றது டிஸ்கை, மாமா. கல்யாணத்தை இல்ல. கெட்ட இடத்துல ‘இங்க யாரும் வராதீங்க’ன்னு குறிச்சு வச்சிட்டு, வீடியோல அந்த இடத்தை வெறுமையா விட்டுடும். தாலிய எங்க போய் தேடுறது?”

“அப்ப ஃபார்மட் பண்ணு. போன தடவை எரர் எல்லாம் மறைஞ்சிச்சுல்ல?”

“எரர் மட்டுமா மறைஞ்சிச்சு? டிஸ்க்குள்ள கம்பெனிக்காரன் ஸ்பேர் இடம் வச்சிருப்பான். கெட்ட இடத்துல புதுசா எழுதப் போனா, அதை ஸ்பேருக்கு மாத்திட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்துக்கும். கல்யாண வீட்டுல சண்டைக்கார சித்தப்பாவைப் பின் ரூம்ல வச்சுப் பூட்டுவோமே, அப்படி. பழசு போனது போனதுதான்.”

டிஸ்கைக் கழற்றித் திருப்பியவள் திகைத்தாள். காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்குக் கேமராவுக்கு வைத்த கையோடு மாமியார் பூவம்மா இதற்கும் வைத்திருக்கிறார். அதுவும் ‘இந்தத் துளையை மூடாதீர்கள்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த இடமாகப் பார்த்து.

“அத்தை, இது டிஸ்க் மூச்சு விடுற ஓட்டை!”

“சாமிக்கு வச்சதுல மூச்சு முட்டுமா? வாயைக் கழுவுடி!”

டிஸ்க் கெட்டது சந்தனத்தாலா, வயதாலா என்பது அந்தக் குடும்பத்தில் இன்றுவரை தீராத வழக்கு.

“முதலாளி நான். டிஸ்கை வச்சிட்டுப் போ.”

“முதலாளி நீங்க. ஒரு சிரிப்பைக்கூட விடமாட்டேன்னு கமலம் ஆன்ட்டிகிட்ட வாக்குக் கொடுத்தது நான்.”

டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். அகிலன் அப்பாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கடைசியில் மின்விசிறியைப் பார்த்தான்.

பாசிர் ரிஸ்ஸில் அம்மா வீட்டில் உட்கார்ந்து, தகராறு செய்யாத பகுதிகளை எல்லாம் முதலில் வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்தாள். அடம்பிடித்த இடங்களைத் தாண்டிப் போய்விட்டு, டிஸ்கை ஆறவிட்டு, கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து துளித்துளியாகப் பிடுங்கினாள். இராமசாமி ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை.

தாலி வந்தது. மூன்றாவது முடிச்சின்போது மட்டும் ஓரத்தில் பச்சைக் கட்டங்கள். கமலம் உற்றுப் பார்த்தார்.

“மாப்பிள்ளையோட மாமா மூஞ்சிதானே போச்சு? விடும்மா, நல்லதாப் போச்சு!”

சிவானி கடைக்குத் திரும்பவில்லை. தன் பெயரிலேயே தொழில் தொடங்கினாள். கொஞ்ச நாளில் அகிலனும் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு பாசிர் ரிஸ் போய்ச் சேர்ந்தான். அகிலனின் தம்பி ஷங்கர், கமலத்தின் இளைய மகள் ரக்ஷனாவைக் கட்டிக்கொண்டான். பெண் வீட்டார் போட்ட ஒரே நிபந்தனை, வீடியோ சிவானிதான் எடுக்க வேண்டும் என்பது. கல்யாண மேடையில் விறைத்து நின்ற இராமசாமியை அவள் கேமரா வழியாகப் பார்த்து, “மாமா, கொஞ்சம் சிரிங்க லா” என்றாள். சம்பந்தி கமலம் பக்கத்தில் நிற்கிறார். சிரிக்காமல் என்ன செய்வார்?