ஊறப்போட்ட காபி

மெல்லிய துணியில் காபியை வடிகட்டிக்கொண்டிருந்தபோது, கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. வடிகட்டும்போது அவசரம் ஆகாது. துணியின் முனைகளைச் சேர்த்துப் பிடித்து, பாத்திரத்துக்கு மேல் தொங்கவிட்டு, அதுவாகச் சொட்டி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிழிந்தால் கசடும் சேர்ந்து இறங்கிவிடும்.

மறுபடியும் தட்டல். இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக.

"வரேன் மாமா. சொட்டிக்கிட்டு இருக்கு."

உள்ளறையிலிருந்து பதில் வரவில்லை. மாமனாரின் குரல் அவ்வளவு தூரம் வந்துசேருவது நின்று கொஞ்ச காலம் ஆகியிருந்தது. காற்றும் சொல்லும் பாதிப் பாதியாகக் கலந்து வரும் அந்தக் குரலுக்குக் கட்டிலோடு ஒட்டி நின்று காது கொடுக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கரண்டி.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் ஓடும் அறையில்தான் பாதி வேலை. வெயில் காலத்தில் அதற்குள் நுழைந்தால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அங்கே சூடான காபியை நினைத்தாலே வேர்க்கும்; காபி இல்லாமலும் கை ஓடாது. கூட வேலை பார்த்த ஒருவன் சொல்லித்தான் இந்த வழிக்கு வந்தான். கொட்டையைக் கொரகொரப்பாக அரைத்து, சாடியில் போட்டு, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, தூள் முழுக்க நனையும்படி ஒரு கிளறு கிளறி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டியது. இரவு முழுக்க ஊறும். காலையில் வடிகட்டி, வேண்டிய அளவு தண்ணீர் கலந்து, பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

மாமனாருக்கு இது தீராத வேடிக்கை. அவர் வெளியூர் பஸ் ஓட்டியவர். வழியில் வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்தில், கண்டக்டர் விசிலை வாயில் வைப்பதற்குள், கொதிக்கக் கொதிக்க ஒரு தம்ளர் காபியை மூன்றே மடக்கில் உள்ளே தள்ளிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்த மனுஷர். ஆவி பறக்காத காபி அவர் கணக்கில் காபியே இல்லை. மகள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது ஃபிரிட்ஜைத் திறந்து, சாடிக்குள் கறுப்பாக நின்றதைப் பார்த்துவிட்டு, "உம் புருஷன் காபி போடறானா, சட்டையை ஊறப்போடறானா?" என்று அவன் காதில் விழும்படி கேட்டார்.

மகள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்ட கல்யாணம் அது. அவருக்கு அதில் உள்ளூர வருத்தம். லிஃப்டாம் லிஃப்ட்டு, நாள் பூரா ஓடியும் ஓர் ஊருக்கும் போய்ச் சேராத வண்டி என்பார். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன லிஃப்ட்டு, மேலயா கீழயா?" இதுதான் நலம் விசாரிப்பு.

அப்புறம் தொண்டையில் அந்த நோய் வந்தது. மனைவியும் இல்லாத மனுஷர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள், அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து உள்ளறையில் கட்டில் போட்டாள். அவளுக்குக் காலை வேலை. அவன் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி மாலை முறைக்கு மாற்றிக்கொண்டான். ஆக, காலை நேரம் முழுக்க வீட்டில் மாமனாரும் மருமகனும் மட்டும்தான். பேச விஷயமே இல்லாத இரண்டு ஆண்கள்.

சூடாக எதுவும் தொண்டையில் இறங்காமல் போனதும் அவரே ஒரு நாள், சுவரைப் பார்த்தபடி, "அந்த ஊறப்போட்டது இருக்கா?" என்று கேட்டார். அவன் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. கரண்டி கரண்டியாகக் கொடுத்தான். அவர் நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதுவும் கொஞ்ச காலம்தான். விழுங்கினால் புரையேற ஆரம்பித்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். வாய்க்குள் எதுவும் போகக் கூடாது. நெஞ்சுக்குள் இறங்கினால் ஆபத்து என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். குச்சியில் செருகிய சின்ன ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து நாக்கைத் துடைத்துவிடலாம், அவ்வளவுதான். அவன் கேட்டுப் பார்த்ததில், தண்ணீருக்குப் பதில் காபியில் நனைக்க மட்டும் சம்மதித்தாள். "நல்லா ஒட்டப் பிழிஞ்சுட்டுத் தொடணும். ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்றாள்.

தினமும் சாயங்காலம் அவன் வேலைக்குக் கிளம்புமுன் சாடியை நிரப்பி ஃபிரிட்ஜில் வைப்பான். ஃபிரிட்ஜ் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் கரண்டி ஒரு தட்டு தட்டும். அவன் எட்டிப் பார்ப்பான். "ஊறப்போட்டாச்சா?" என்பார். "ஆச்சு மாமா" என்பான். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இன்று காலை அவன் கிண்ணத்தில் காபியும் ஸ்பாஞ்சுமாக உள்ளே போனபோது, அவர் வாயைத் திறக்கவில்லை. விரலை ஆட்டி வேண்டாம் என்றார். அவன் குனிந்தான்.

"இனிமே ஊறப்போடாதே."

"ஏன் மாமா?"

"தூள் வீணாப்போகும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அவன் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"தம்ளர்ல குடு."

"மாமா, குடிக்கக் கூடாதுன்னு..."

"தெரியும். என் பொண்ணுதானே சொன்னா."

"வேணும்னா குழாய் வழியா கொஞ்சம் விடட்டுமா?"

அவர் சிரித்தார், சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "குழாய்ல ஊத்தினா வயிறு குடிக்கும். நான் எப்போ குடிக்கிறது?"

அவன் கூடத்துக்கு வந்து போனை எடுத்தான். மனைவி இந்நேரம் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் எடுப்பாள். எடுத்தால் கூடாது என்பாள். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்தான்.

தலையணைகளை அடுக்கி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தான். எடையே இல்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று சந்தேகம் வரும்படி இருந்தார். தம்ளரை அவன்தான் பிடித்திருந்தான். ஆனால் அவர் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, தானே குடிப்பதுபோல் உயர்த்தினார். ஒரு வாய். தொண்டை அசைந்தது. இறங்கிவிட்டது போலத்தான் இருந்தது. இன்னொரு வாய்.

அப்போது இருமல் பிடித்தது. முகம் கறுத்தது. காபி மூக்கு வழியாக வந்தது. அவன் தம்ளரை எங்கேயோ வைத்துவிட்டு, அவரை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டினான், தடவினான், "மாமா, மாமா" என்றான். தான் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தான். வெகுநேரம் கழித்துத்தான் இருமல் அடங்கி, மூச்சு ஒரு வழிக்கு வந்தது. அவர் கண்ணில் நீர் வழிந்திருந்தது. துண்டால் வாயைத் துடைத்துவிட்டான்.

அவர் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனான்.

"ஆறிப்போச்சு" என்றார்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கிண்டல்தான். கண்ணின் ஓரத்தில் அது தெரிந்தது. அதன்பிறகு அவர் பேசவில்லை.

தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தான். மூச்சில் ஈரச் சத்தம் ஒன்று கலந்து, நேரம் போகப் போக அது பெரிதானதும் மனைவிக்குப் போன் செய்தான். "மூச்சு சரியில்ல. வா" என்றான். காபியைப் பற்றிச் சொல்லவில்லை.

யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றக்கூட நிற்கவில்லை. அப்பாவின் நெஞ்சில் கையை வைத்தாள். குனிந்து மூச்சைக் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் பார்வை ஜன்னல் விளிம்பில் பாதி காபியோடு இருந்த தம்ளரில் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. அவனைப் பார்க்கவில்லை.

"தலையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்றாள்.

தூக்கினான். அவள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டே இருந்தார்கள். அது கிளம்பிப் போனபிறகுதான், அறைக்குள் இருந்த ஈரச் சத்தமும் நின்றுபோயிருந்தது தெரிந்தது.

மகளுக்கு மூத்தவர், ஒரே அண்ணன், வக்கீல். அதே நகரத்தின் மறுகோடியில் குடியிருந்தார். அவர் வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவி, ஆக வேண்டியதைக் கவனிக்க ஆரம்பித்தார். வண்டிக்குச் சொன்னார், சொந்தக்காரர்களுக்குச் சொன்னார். எல்லாவற்றையும் போனிலேயே, தாழ்ந்த குரலில், நறுக்காகச் செய்தார்.

அடுத்த தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா வந்து பார்த்தார். சான்றிதழ் எழுதுவதற்காக மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கடைசியா வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா?"

"ஸ்பாஞ்ச் மட்டும்தான் டாக்டர்" என்றாள் மனைவி, உடனே.

அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் ஒருநாளும் பொய்யாக எழுதாதவள்; மருந்து கொடுக்க நேரமானால் நேரமானது என்றே எழுதி, அதற்காகத் திட்டு வாங்கியவள்.

"இல்ல டாக்டர். காபி குடிச்சார்" என்றான் அவன். "ரெண்டு வாய். நான்தான் குடுத்தேன். புரையேறிச்சு."

மைத்துனர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன சொன்னீங்க மாப்ளே? காபியா?"

"அவர் கேட்டார்."

"கேட்டா? எச்சில் முழுங்க முடியாத மனுஷனுக்குக் காபியா? கேட்டா என்ன வேணா குடுத்துருவீங்களா?" குரல் உயர்ந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். "டாக்டர், அதனாலதானா?"

டாக்டரம்மா பேனாவை மூடவில்லை. "அப்படியும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. நெஞ்சில ஏற்கெனவே சளி கட்டியிருந்தது. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு" என்றார். பிறகு எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வண்டி வந்தது. தூக்கும்போது மைத்துனர் ஒரு பக்கமும் அவன் மறுபக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில், "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று மைத்துனர் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. எரிமேடையில் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவன் சமையலறையில் ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். மைத்துனர் தண்ணீர் குடிக்க வந்தவர், ஃபிரிட்ஜைத் திறந்து, வடிகட்டி வைத்திருந்த காபியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இதுவா?"

"ஆமா மச்சான்."

"ஊத்துங்க."

ஊற்றிக் கொடுத்தான். மைத்துனர் நின்றபடியே ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. இன்னொரு வாய் குடித்தார்.

"ஒரு இனிப்பு இல்ல, ஒரு சூடு இல்ல. இதையா கேட்டார்?"

"ஆமா."

"என்கிட்ட கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும் மச்சான்."

மைத்துனர் தம்ளரைக் காலி செய்து, தானே கழுவிக் கவிழ்த்தார். "வாரக் கடைசியில வரேன். அவர் துணியெல்லாம் எடுக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு அடங்கியது. மனைவி உள்ளறையில், வெறும் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அதே யூனிஃபார்ம், காலில் அதே ஷூ. அவன் கதவோரம் நின்றான்.

"எப்படி உக்கார வெச்சீங்க?" என்று கேட்டாள். வார்டில் கேட்கிற குரல்.

"தலையணை வெச்சு, நிமிர்த்தி."

"தாடையைக் கீழ இறக்கினீங்களா?"

"இல்ல."

"இறக்கியிருக்கணும். தாடை நிமிந்திருந்தா நேரா மூச்சுக்குழாய்க்குப் போயிடும்."

"எனக்குத் தெரியல."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்பே."

தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. இருவரில் யாரும் அறை விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை.

"குடிச்சுட்டு ஏதாவது சொன்னாரா?"

"ஆறிப்போச்சுன்னார்."

அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் புரியாததுபோல் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது எதில் தொடங்கி எதில் முடிந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றான். தொடவில்லை. அவளும் போ என்று சொல்லவில்லை.

மெல்ல மெல்ல அது ஓய்ந்தது. விடியலுக்கு முன்பே எழுந்து வேலைக்குப் போனவள். தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அவன் தரையில் உட்கார்ந்து அவளுடைய ஷூ கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். ஒன்று சுலபமாக வந்துவிட்டது. இன்னொன்று இறுகிச் சிக்கலாகக் கிடந்தது. இழுத்தால் விழித்துக்கொள்வாள். இருட்டில் முடிச்சைத் தடவிப் பார்த்து, கிரீஸ் ஏறிய நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அதை நெகிழ்த்த ஆரம்பித்தான்.